மழை இல்லாத கேள்விகள்

எனக்குச் சந்தேகம் வந்துட்டா சோறு இறங்காது. பொறவிக் குணம். கடைல சர்க்கரை நிறுத்தா சர்க்கரையப் பார்க்க மாட்டேன், தராசு முள்ளத்தான் பார்ப்பேன். "இவளக் கட்டின நாள்லருந்து என் சட்டைப் பைக்கு ரகசியம்னு ஒண்ணு கிடையாது"ன்னு என் வீட்டுக்காரரு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. அதுல பொய் ஒண்ணும் இல்ல. அதனால பாம்புச்செவியப் பத்தி நான் சொல்றத நீங்களும் கொஞ்சம் சந்தேகத்தோடயே கேளுங்க. அந்த மனுஷனோட வேலைக்கு உலை வச்சவ நான்தான்.

எங்க வானொலி நிலையத்துல வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மணி நேரப் பேச்சு உண்டு. பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒருத்தரு கேப்பாரு, ஒருத்தரு சொல்லுவாங்க, அவ்வளவுதான். ஒரு வாரம் சரித்திரம், ஒரு வாரம் புத்தகம், ஒரு வாரம் பறவை, பூச்சி, மரம்னு போகும். பழைய கால்வாயப் பத்தி ஒரு மணி நேரம் பேச என்னடி இருக்குன்னு என் தங்கச்சி கேப்பா. கேட்டுட்டு, கடைசி வரைக்கும் எந்திரிக்காம உட்கார்ந்திருப்பா.

கேள்வி கேக்குறவர நிலையமே 'ஐயா'ன்னுதான் கூப்பிடும். கல்லூரில சரித்திரம் நடத்தினவரு. பத்தொன்பது வருஷமா அதே மைக், அதே மேசை. "அப்படியா! அப்புறம்?"னு அவரு முன்னாடி சாஞ்சு கேட்டா, வாயில்லாப் பூச்சி கூட வாயத் திறந்துடும். வர்றவங்களோட புத்தகத்த முதல் பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சு, இருபது கேள்வி எழுதி அவர் கைல குடுக்குறது என் வேலை. வாசல்ல நிக்கிற காவல்காரருக்குக் கூட நான் 'கேள்வி அக்கா'தான்.

மூணாவது ஆள் பாம்புச்செவி. பேசுறதப் பதிவு பண்றதும், ஒன்றரை மணி நேரப் பேச்ச வெட்டி ஒரு மணி நேரத்துக்குள்ள அடக்குறதும் அவரு. கடிகாரம் பழுது பாக்குறவரோட மகன். பத்தொன்பது வயசுல கம்பி இழுக்குற வேலைக்கு வந்தவரு, அப்படியே உள்ள தங்கிட்டாரு. ஜன்னல் இல்லாத அறை, சுவரெல்லாம் பஞ்சு, மேசை மேல ஒரு டிபன் பாக்ஸ். ரெண்டு பொண்ணுங்க படம் மேசைக் கண்ணாடிக்குக் கீழ. வாசல்ல நடக்குற சத்தத்த வச்சே ஆளச் சொல்லிடுவாரு. "என்னம்மா, இடது செருப்பு வாரு விட்டிருக்கா?"ம்பாரு. குனிஞ்சு பார்த்தா விட்டிருக்கும். அப்படி ஒரு காது. அதனாலதான் அந்தப் பேரு.

ஒரு புத்தகம் முழுசாப் படிச்சதில்லைன்னு அவரே சொல்லுவாரு. ஆனா ஐயா நடத்தின பேச்சு அத்தனையும் வார்த்தை வார்த்தையா அவரு காது வழியாத்தான் போயிருக்கு. ஒவ்வொண்ணையும் அஞ்சாறு தரம் கேட்டுத்தான் வெட்டுவாரு. எறும்புப் புத்துக்குள்ள எத்தனை அறை, எந்த ராஜா எந்தக் கோட்டையில ஜுரத்துல செத்தான், கடல் ஆமை எப்படி வழி கண்டுபிடிக்குது, எல்லாம் தெரியும். தெரியும்னு காட்டிக்க மாட்டாரு. நான் ஒரு தடவை வருஷத்தத் தப்பா எழுதிட்டேன். காகிதத்த என் பக்கம் தள்ளி, விரலால அந்த வருஷத்தத் தொட்டாரு, அவ்வளவுதான். எனக்கு மூக்கு மேல கோவம் வந்துச்சு. அவரு சொன்னது சரிங்கிறதுதான் காரணம்.

அவருகிட்ட ஒரு பழக்கம். பேச்சு முடிஞ்சதும் யாரையும் எந்திரிக்க விட மாட்டாரு. ஒரு நிமிஷம் எல்லாரும் மூச்சு விடாத குறையா உட்காரணும். அந்த அறையோட அமைதிய மட்டும் தனியாப் பதிவு பண்ணிக்குவாரு. வெட்டின இடத்துல ஒண்ணுமே இல்லாம விட்டா கேக்குறவங்க காதுல பள்ளம் விழுந்த மாதிரி இருக்குமாம். அன்னன்னிக்குப் பதிவுக்கு அன்னன்னிக்கு அமைதியத்தான் அடியில விரிக்கணுமாம்.

"அமைதில என்ன அண்ணே வித்தியாசம்? எல்லாம் ஒண்ணுதானே"ன்னு கேட்டேன்.

"தண்ணி எல்லாம் ஒண்ணாம்மா?"ன்னாரு.

அவரு அறைச் சுவர்ல நிலையத்தோட சட்டம் ஒட்டியிருக்கும். 'குறைக்கலாம். சேர்க்கக் கூடாது.' யாரும் பேசாத வார்த்தைய, யாரும் கேக்காத கேள்விய உள்ள நுழைச்சா அன்னிக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முன்னால ஒருத்தன் ஒரு கூட்டத்துப் பதிவுல இல்லாத கைதட்டல ஒட்டிட்டான். காலைல ஒட்டினான், சாயங்காலம் பைய எடுத்துக்கிட்டு வெளிய நின்னான். டைரக்டர் மேடம் குரலக் கூட உசத்தல. அவங்க எப்பவுமே முணுமுணுன்னுதான் பேசுவாங்க. அதுதான் பயம்.

என் சந்தேகம் ஒரு நாற்காலில ஆரம்பிச்சுது. பதிவு நடக்குறப்ப பாம்புச்செவி ஸ்டுடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்காருவாரு, நான் அவரு பக்கத்துல. பதினஞ்சு வருஷமா அப்படித்தான். ஒரு செவ்வாய்க்கிழமை போறேன், என் நாற்காலியக் காணோம்.

"கிறீச்சுனு சத்தம் போடுதும்மா. பதிவுல ஏறுது. நீ எதுக்கு இங்க வெட்டியா உட்காரணும்? வெளில காத்தாட இரு"ன்னாரு.

"கண்ணாடி தாண்டி நாற்காலிச் சத்தம் ஏறுதா? பதினஞ்சு வருஷமா ஏறாதது இப்ப என்ன புதுசா?"

அவரு ஹெட்போன எடுத்து மாட்டிக்கிட்டாரு. அதோட என்னை உள்ள விடுறது நின்னு போச்சு. எலி சும்மா அம்மணமா ஓடுமா? என்னமோ இருக்குன்னு அன்னிக்கே மனசுல போட்டு வச்சேன்.

அதுக்கப்புறம் கேக்குறவங்க கிட்டருந்து கடிதம் வர ஆரம்பிச்சுது. 'இப்பல்லாம் கேள்விகள் முன்னைவிட நன்றாக இருக்கின்றன.' ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மாசம் ஏழெட்டு. கடிதத்தப் பிரிச்சுப் படிச்சு அடுக்குறதும் நான்தானே. என் வயித்தெரிச்சல யாருகிட்டச் சொல்ல? அவங்க மெச்சின கேள்விகள எடுத்துப் பார்த்தா, ஒண்ணு கூட நான் எழுதினது இல்ல. ஐயாவே கேட்டிருப்பாரோன்னு முதல்ல நினைச்சேன். ஆனா இத்தனை வருஷமா அவரு கேள்வி எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். இது வேற கை. யாரோ என் இடத்துல உட்கார்ந்து எழுதுறாங்க. இன்னிக்குக் கேள்வி போச்சு, நாளைக்கு வேலை போகும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்த ஒரு வேலைதான்.

ஐயாகிட்டயே கேட்டுடலாம்னு போனேன். அவரு காகிதத்த வாங்கிக்கிட்டு, "நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கு"ன்னு சிரிச்சாரு. நான் பேசப் பேச அதே சிரிப்பு. போன்ல கூப்பிட்டா எடுக்குறதே இல்ல. வயசானா தலைக்கனமும் கூடும்போலன்னு திரும்பிட்டேன்.

அப்புறம்தான் அந்த ஆந்தை வாரம். ஒன்பது வருஷம் ஆந்தைங்க பின்னாடியே அலைஞ்சு புத்தகம் எழுதின ஒரு டாக்டரம்மா வந்தாங்க. செவ்வாய்க்கிழமை பதிவு. அன்னிக்குப் பிடிச்ச மழை, அப்படியொரு மழை. எங்க கட்டடம் பழசு. பெருமழைன்னா ஸ்டுடியோவுக்குள்ளயும் லேசா இரையும். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்ல ரேடியோவ வச்சுட்டு உட்கார்ந்தேன். பின்னால 'சோ'ன்னு மழை கேக்க, அந்தம்மா சொல்றாங்க. மரப்பொந்துல பொட்டை ஆந்தை செத்துப் போச்சு. ஆண் ஆந்தைக்குத் தெரியல. இரையத் தூக்கிக்கிட்டு வந்து பொந்து வாசல்ல வச்சுட்டு வச்சுட்டுப் போகுது.

நான் அந்த இடத்துக்கு எழுதினது, 'ஒரு தடவைக்கு எத்தனை முட்டை இடும்?' இப்ப நினைச்சா எனக்கே நாக்கப் பிடுங்கிக்கலாம்போல இருக்கு.

ரேடியோல ஐயா குரல் கேட்டுச்சு. "எத்தனை நாள் கொண்டு வந்துச்சு?"

"பதினோரு நாள்"னாங்க அந்தம்மா. அவங்க குரல் உடைஞ்சு போச்சு.

என் தங்கச்சி முந்தானையால கண்ணத் தொடைச்சுக்கிட்டா. என் வீட்டுக்காரரு தொண்டையக் கனைச்சாரு. எனக்கு மட்டும் அழுகை வரல. அந்தக் கேள்வி என்னோடது இல்ல. என்னோடத விட ஆயிரம் மடங்கு நல்ல கேள்வி. அதுதான் என்னைக் குடைஞ்சுது. அப்பத்தான் இன்னொண்ணு காதுல தட்டுச்சு. அந்தம்மா பேசுறப்ப மழை பெய்யுது. ஐயா கேக்குறப்ப மழை இல்ல. மறுபடி அந்தம்மா, மறுபடி மழை. ஐயா, மழை இல்ல. கேள்விக்குக் கேள்வி வானம் வெளுக்குது, பதிலுக்குப் பதில் கொட்டுது.

எனக்கு விளங்கிப் போச்சு. பேச்சு முடியுறதுக்குள்ள அன்னிக்கு மழை விட்டுடுச்சு. அதுக்கப்புறம்தானே அந்த ஒரு நிமிஷ அமைதியப் பதிவு பண்ணுவாரு? அவர்கிட்ட இருந்தது காஞ்ச அமைதி. அத விரிச்சுத்தான் வேற நாள்ல வாங்கின கேள்விய ஒட்டியிருக்காரு. அவ்வளவு பெரிய காதுக்காரருக்கு இது தெரியாம இருக்குமா? தெரிஞ்சிருக்கும். ஈர அமைதிக்கு அவரு எங்க போவாரு? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சாரு, நான் பார்த்துட்டேன்.

அடுத்த புதன்கிழமை நூலகத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு, பாதி வழியில திரும்பி வந்தேன். பேச வர்றவங்க செவ்வாயோட வந்துட்டுப் போயிடுவாங்க. புதன்கிழமை ஸ்டுடியோல ஈ காக்கா இருக்காது. போனா சிவப்பு விளக்கு எரியுது. ஸ்டுடியோவுக்கு ரெண்டு கதவு, நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவு இடம். வெளிக்கதவ மெதுவாத் திறந்து உள்ள நின்னுக்கிட்டேன். பூனை மாதிரி நின்னேன். வெக்கமா இல்லையான்னா, அப்ப இல்ல.

"அப்படியா! அப்ப அந்தக் கால்வாய வெட்டினவங்க எங்க போனாங்க?"ன்னு ஐயா குரல். அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. யாரும் பதில் சொல்லல. மறுபடி, "ஆகா, அது எனக்குத் தெரியாம போச்சே!" மறுபடி சத்தமில்ல.

கதவுல இருக்குற சின்னக் கண்ணாடி வழியாப் பார்த்தேன். ஐயாவுக்கு எதிர்ல இருக்குற நாற்காலி காலி. காலி நாற்காலியப் பார்த்துச் சிரிக்கிறாரு, தலையாட்டுறாரு, கேள்வி கேக்குறாரு. பக்கத்துல பாம்புச்செவி நிக்கிறாரு, கைல கொட்டை எழுத்துல எழுதின அட்டை. அட்டைய மாத்த மாத்த ஐயா படிக்கிறாரு. நடுநடுவுல பாம்புச்செவி ஒரு விரலத் தூக்கினா, "ஆமாமா, சரியாச் சொன்னீங்க." ரெண்டு விரலத் தூக்கினா, "இல்லைங்க." ஒரு தரம் ஐயா ரெண்டு விரலுக்கு 'ஆமா'ன்னு சொல்லிட்டாரு. பாம்புச்செவி சிரிச்சுக்கிட்டே மறுபடி ரெண்டு விரல ஆட்ட, "இல்லைங்க"ன்னு திருத்திச் சொன்னாரு.

அடப்பாவி! ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு, பெரிய மனுஷன இப்படியா ஆட்டி வைப்ப? இவன் எழுதுவானாம், அவரு வாயசைப்பாராம், ஊரு கடிதம் போடுமாம், நான் அதப் பிரிச்சு அடுக்கணுமாம்!

ராத்திரி சாப்பிடுறப்ப வீட்டுக்காரருகிட்டக் கொட்டித் தீர்த்தேன். அவரு தட்டுல இருந்து தலையத் தூக்காமலே, "அந்த ஆள்கிட்டயே கேட்டுப் பாரேன்"ன்னாரு.

"கள்ளன்கிட்டப் போயி 'திருடினியா'ன்னு கேப்பாங்களா?"

"நீ கேக்க மாட்ட. எதிராளி பதில நீயே சொல்லிக்குற ஜாதி நீ"ன்னாரு. அன்னிக்கு அவர்கூடப் பேசல.

வியாழக்கிழமை மேடம்கிட்டப் போனேன். நிலையத்துப் பேரு, கேக்குறவங்க நம்பிக்கை, நியாயம், எல்லாம் பேசினேன். பொறாமைன்னு ஒரு வார்த்தை சொல்லல. உள்ள அது மட்டும்தான் இருந்துச்சு. மேடம் பேனாவ மூடி வச்சாங்க. "நிரூபிக்க முடியுமா?" முடியும்னேன்.

வெள்ளிக்கிழமை காலைல மேடம் அறை. நான், பாம்புச்செவி, ஐயா. ஐயாவ எதுக்குன்னு சொல்லாமக் கூப்பிட்டிருந்தாங்க. வந்து எல்லாருக்கும் பொதுவா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு உட்கார்ந்தாரு. ஆந்தைப் பேச்சப் போட்டேன். மேடம் கண்ண மூடிக் கேட்டாங்க.

"மழை இருக்கு"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்ப இல்ல." அப்புறம், "இப்ப இருக்கு." கண்ணத் திறந்து பாம்புச்செவியப் பார்த்தாங்க. "முழுப் பதிவு எங்க?"

"அழிச்சுட்டேன்"னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பேசுறவங்க விட்ட மூச்சு, இருமினது, தும்மினது, வெட்டின துண்டு ஒண்ணையும் தூக்கிப் போடாம டப்பால போட்டு, மேல பேரெழுதி வைக்கிற மனுஷன். அவரு அழிச்சாருன்னா அதுல என்னவோ இருக்குன்னு இன்னும் உறுதியாச்சு.

"கேள்விய மாத்தினது நீங்களா?"

"நான்தான் மேடம். நானே எழுதினேன். பதிவு கெட்டுப் போச்சு, இன்னொரு தரம் சொல்லுங்கன்னு ஐயாகிட்டப் பொய் சொல்லி வாங்கினேன். அவரு நம்பிட்டாரு. ஒன்றரை வருஷமா இப்படித்தான்."

"ஏன்?"

"எனக்கும் கேள்வி கேக்கணும்னு ஆசை"ன்னாரு. குரல்ல ஒரு ஆட்டம் இல்ல.

பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல, அப்படின்னு மனசு குதிச்சுது. நெருப்பில்லாமப் புகையுமா?

மேடம் ஐயா பக்கம் திரும்பினாங்க. அதே முணுமுணு குரல்ல, "இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சு நடந்துச்சா?"ன்னு கேட்டாங்க.

ஐயா முகத்துல இருந்த சிரிப்பு மாறல. கண்ணு மட்டும் மேடத்தோட வாயிலருந்து நகர்ந்து, மெல்ல பாம்புச்செவி பக்கம் போச்சு. பாம்புச்செவி கை முழங்கால் மேல இருந்துச்சு. அதுல ரெண்டு விரல் மட்டும் லேசாத் தூக்கிச்சு.

"இல்லைங்க"ன்னாரு ஐயா. ரேடியோல சொல்ற மாதிரி, தெளிவா.

அப்பத்தான் எனக்கு ஒண்ணொண்ணாப் புரிஞ்சுது. எடுக்காத போனு. 'நல்லா இருக்கும்மா, நல்லா இருக்கு.' கொட்டை எழுத்து அட்டை. காலி நாற்காலி. கேக்கலைங்க, ஐயாவுக்குக் காது கேக்கல! மேடம் என்ன கேட்டாங்கன்னே தெரியாம, கூட இருக்குறவர் விரல நம்பிப் பதில் சொல்லிட்டாரு. தன்னைத் தூக்கி நிறுத்தினவன் கழுத்துல தன் வாயாலயே கத்தி வச்சுட்டாரு, அது அவருக்கே தெரியாது. வைக்கச் சொன்னதும் அந்த ஆளேதான்.

மேடம் சொன்னாங்க, "சாவிய வச்சுட்டுப் போயிடுங்க." பாம்புச்செவி இடுப்புச் சாவிய அவுத்து மேசை மேல வச்சாரு. என்னை ஒரு பார்வை பார்த்தாரு. கோவம் இல்ல. 'வாயத் திறந்துடாத'ன்னு கெஞ்சின பார்வை. நான் வாயத் திறந்தா ஐயா போயிடுவாரு. மூடிக்கிட்டா இவரு போயிடுவாரு. நாலு ஊருக்குக் கேக்குற மாதிரி சண்டை போடுறவ, அன்னிக்கு மரம் மாதிரி நின்னேன். அவரு வெளிய போயிட்டாரு.

நடையில ஐயா என்னை நிறுத்தினாரு. "என்னம்மா நடந்துச்சு? அவரு ஏன் சாவிய வச்சாரு? நான் எதுக்கு 'இல்லை'ன்னேன்?"

சொன்னேன். நெத்தியச் சுருக்கினாரு. இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன். என் வாயவே பார்த்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் சுத்திமுத்திப் பார்த்துட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

"எழுதிக் குடும்மா. சத்தம் கேக்குது, வார்த்தை பிரிய மாட்டேங்குது. பொம்பளைங்க குரல்தான் முதல்ல போச்சு. உன் குரல் எனக்கு வார்த்தையா விழுந்து ஒன்றரை வருஷமாகுது."

ஒன்றரை வருஷம். என் நாற்காலி போனதும் அப்பத்தான். ஐயா தடுமாறுறத நான் பார்த்துடக் கூடாதுன்னு பாம்புச்செவி எடுத்திருக்காரு. பாவி மனுஷா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதான்னு நினைச்சேன். எப்படிச் சொல்லுவாரு? பார்த்தத எல்லாம் பையில போட்டுக்கிட்டு மேடம்கிட்ட ஓடுறவதானே நான்.

ஆயிரம் கேள்வி எழுதின கை. அதால நடந்தத எழுதிக் குடுத்தேன். 'இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்து நடந்ததா என்று கேட்டார்கள். நீங்கள் இல்லை என்றீர்கள். அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.'

எப்பவும் போல ரெண்டு தரம் படிச்சாரு. என் கைலருந்து பேனாவ வாங்கி, சுவர்ல வச்சு கீழ என்னவோ எழுதினாரு. கதவத் தட்டாம மேடம் அறைக்குள்ள போயிட்டாரு. அந்தக் காகிதம் இன்னும் என் கோப்புல இருக்கு. 'தெரியும். நான் கேட்டுக்கொண்டுதான் செய்தார். அந்த "இல்லை" என் பதில் இல்லை. எனக்குக் காது கேட்கவில்லை.'

பாம்புச்செவிக்கு அன்னிக்கே சாவி திரும்பக் கிடைச்சுது. ஆனா பேச்சு நின்னு போச்சு. கடைசி வியாழக்கிழமை ஐயா தனியா உட்கார்ந்து, தனக்கு என்ன ஆச்சுன்னு பத்து நிமிஷம் கேக்குறவங்ககிட்டச் சொன்னாரு. அதுல ஒரு மூச்சக் கூட பாம்புச்செவி வெட்டல. இப்ப அந்த நேரத்துல பாட்டுப் போடுறாங்க. ஐயா வீட்லயே இருக்காரு. பாம்புச்செவி செய்தி வெட்டுறாரு. நான் மழை நிலவரம், தண்ணி வராத தெருன்னு அறிவிப்பு எழுதுறேன். என் இடத்தக் காப்பாத்தக் கிளம்பினேன், மூணு பேரு இடமும் போச்சு.

ஏழெட்டு மாசம் பாம்புச்செவி என்கூடப் பேசல. நானும் முகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் போனேன், வெக்கத்துல. ஒரு நாள் தாங்க முடியாம அவரு அறைக் கதவத் திறந்தேன். என் காலடி கேட்டிருக்கும், திரும்பல.

"அந்த ஆந்தைப் பதிவ ஏன் அண்ணே அழிச்சீங்க?"

ஹெட்போனக் கழட்டி மேசை மேல வச்சாரு. "அந்தம்மா 'பொட்டை செத்துப் போச்சு, ஆண் பறவை இரை கொண்டுவந்து வச்சுட்டே இருந்துச்சு'ன்னு சொல்லிக் கண்ணத் தொடைச்சாங்க. ஐயாவுக்கு என்ன கேட்டுச்சோ, தமாஷ்னு நினைச்சுட்டாரு. 'பலே!'ன்னு வாய்விட்டுச் சிரிச்சாரு. அந்தம்மா அப்படியே பார்த்தாங்க. 'பதினோரு நாள்'னு அவங்களே சொல்லிட்டு நிறுத்திட்டாங்க. அந்தச் சிரிப்ப யாரும் கேக்கக் கூடாதும்மா. நானே இன்னொரு தரம் கேக்கக் கூடாது. அதான்."

அவரு என் பக்கம் திரும்பினாரு.

"சந்தேகம் வந்துச்சுல்ல உனக்கு? முன்பின் பார்க்காதவங்களுக்கெல்லாம் விடிய விடியப் படிச்சு இருபது கேள்வி எழுதுவியே. இருபது அடி தள்ளித்தான் என் அறை. என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா அண்ணே?"

ஹெட்போன மறுபடி கைல எடுத்தாரு.

"சொல்லியிருக்க மாட்டேன். ஆனா நான் சொல்லாம நின்ன விதத்துலயே உனக்குப் புரிஞ்சிருக்கும்."